கால் மாத்திரை

உப்பளத்து அனிஸ்தாசுக்கு
இன்றைக்குக் கால் மாத்திரை.
பிளேடை வைத்து அழுத்தினால் தெறித்து ஓடுகிறது.
மேசைக்கடியில் குனிந்து தேடுகிறேன்,
வரிசையில் இருபத்தாறு பேர் பார்த்திருக்க.

டயசிபாம். இரண்டு மில்லிகிராம், வெள்ளை.
ஒரு காலம் நாளுக்கு இருபது மில்லிகிராம் விழுங்கினார்.
மகனைக் கடல் திருப்பித் தராத கிழமை
யாரோ ஐந்து நாளுக்கு எழுதிய துண்டு
ஒன்பது வருசம் நீண்டது.
எழுதியவர் மாற்றலாகிப் போனார்.
துண்டு போகவில்லை.

"இது உள்ளுக்க போய் என்ன செய்யுது, மிஸ்?"

நரம்பில் ஒரு கதவு இருக்கு, என்றேன்.
திறக்க உடம்பே ஒரு ஆளை வைத்திருக்கு.
மாத்திரை கதவைத் தொடாது,
அந்த ஆளின் தோளில் தட்டும்.
அவன் அடிக்கடி திறப்பான்.
திறந்தால் உள்ளே வருவது குளோரைட்டு,
நீங்கள் வாருகிற உப்பில் பாதி.

வெடித்த விரலிடுக்குகளைப் பார்த்தார்.
"அப்ப நான் வெளியில வாருறன்,
அது உள்ளுக்க வருது."

சொல்லாமல் விட்டதும் உண்டு.
இதன் அரை ஆயுள் இரண்டு நாள்.
ஈரல் இதை உடைக்கையில் பிறக்கும் பிள்ளை
தாயைவிட நெடுநாள் இருக்கும்.
பிள்ளை என்ற சொல்லை
அவரிடம் நான் பாவிப்பதில்லை.

மருந்தைக் குறை சொல்லவும் மாட்டேன்.
போன கிழமை மூதூர் அம்புலன்சில்
நீலம் பாரித்து வந்த குழந்தை,
பதினேழு நிமிசமாய் விடாத வலிப்பு.
நானே ஓடிக் கொண்டுபோனேன்.
பின்வழியாக ஏற்றினார்கள்.
மூடிய கை, ஒவ்வொரு விரலாக, விரிந்தது.
தாய் றிஸ்மினா என் முழங்கையைப் பிடித்தபடி
ஒரு சொல்லும் சொல்லவில்லை.
அதே அலமாரி. அதே திறப்பு.

மருந்து வராத அந்த வருசம்
அலமாரியைத் திறந்தால் அலமாரிதான் இருந்தது.
இல்லை என்றேன்.
அனிஸ்தாஸ் தலையாட்டிவிட்டுப் போனார்.
ஆறாம் நாள்
நிலாவெளிப் பாத்திக்குள் முகங்குப்புறக் கிடந்தாராம்,
வாயில் நுரையா உப்பா தெரியவில்லையாம்.
இல்லை என்பதும் ஒரு அளவு.
அதையும் நான்தான் கொடுத்தேன்.

ஆகவே இந்தமுறை அவசரமில்லை.
இரண்டு கிழமைக்கொருதரம் கொஞ்சம் குறைத்து,
கை நடுங்கினால் அந்த அளவிலேயே நின்று,
மாதம் பதினாலு.
நடுவில் ஒருநாள் கோட்டை மான் ஒன்று
வாசலில் வைத்து அவருடைய துண்டைத் தின்றுவிட்டது.
டொக்டர் சிரித்துக்கொண்டே
புதிதாய் எழுதித் தந்தார்.
மானுக்கு அன்று நல்ல நித்திரை என்றார் அனிஸ்தாஸ்.
அவர் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல்.

மாத்திரை அகப்பட்டுவிட்டது, கதிரைக் காலடியில்.
தூசி. அதை எறிந்துவிட்டு வேறொன்றை வெட்டுகிறேன்.
உறையில் போட்டு நீட்டுகிறேன்.

"ராவில கடல் திரும்பவும் கேக்குது, மிஸ்.
இவ்வளவு காலமாக் கேக்கல்ல."

நல்லதா என்று நான் கேட்கவில்லை.
அவரும் நிற்கவில்லை.
நகத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கிறது.

அடுத்த ஆள்.