நீல நாடா

வாண்டா எழுந்து போன பிறகும்
அவள் பாதங்கள் மேடையில் நிற்கின்றன,
நீல ஒட்டுநாடா சுற்றிவளைத்தபடி.
இடது குதிகாலுக்கு மட்டும் இரண்டு துண்டு.
இருபது நிமிடம் நிற்பாள். மணி அடிக்கும்.
அங்கியைப் போர்த்திக்கொண்டு ஹீட்டர் பக்கம் போய்
உப்பு பிஸ்கட் இரண்டு தின்றுவிட்டு
மறுபடி அந்தக் கோடுகளுக்குள் கால் வைப்பாள்,
கழற்றிப்போட்ட செருப்பில் நுழைவதுபோல.
பகலில் பஸ் ஓட்டுகிறவள்.
"உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போச்சு,
இங்கே நிற்கக் காசு கொடுக்கிறீங்க" என்பாள்.

எனக்குப் பல் செய்யும் பட்டறையில் வேலை.
வெள்ளையில் பதினாறு வகை தெரியும்.
பக்கத்துப் பல்லின் காபிக் கறையைப் பார்த்து
புதுப்பல்லிலும் அதே கறையைத் தீட்டிச் சூளையில் வைப்பேன்.
சிரிக்கும்போது எது பிறந்தது, எது செய்ததென்று
தெரியக் கூடாது.
அதனால் நகல் என்ற சொல் என்னைச் சுடுவதில்லை.

புதன் மதியம் கிளீவ்லாந்து மியூசியம்.
ஒருமுறை ஏரிக்காற்று கித்தானைப் பாயாக்கி
என்னைப் பார்க்கிங் வரை இழுத்துப்போனது.
உள்ளே விதிகள்: தரைக்குத் துணி விரி.
மூலத்தின் அளவில் வரையாதே.
டர்பன்டைன் வாசம் யார் மூக்குக்கும் எட்டக் கூடாது.

முந்நூற்றெண்பது வயதான விருந்து ஒன்று.
எலுமிச்சை, ஈயத்தட்டு, குடித்த முகங்கள்
எல்லாம் மூன்று வாரத்தில் வந்துவிட்டன.
வராதவள், பின்னால் தாம்பாளம் ஏந்தி நிற்கும் வேலைக்காரி.
முகத்தில் குறையில்லை: அடியில் பச்சை மண், மேலே காவி,
கன்னத்தில் ஊசிமுனைச் சிவப்பு.
ஆனாலும் கொடியில் தொங்கும் சட்டைபோல் மிதந்தாள்.
இடுப்புக்குக் கீழே அவளை
மேசைவிரிப்பால் மறைத்துவிட்டார் அந்த மகராசன்.

"அவள் இடது காலில் நிற்கிறாள்."
காவலர் எர்லீன். ஐந்து மாதமாக
"இரண்டடி தள்ளி" என்பதற்கு மேல் பேசாதவர்.
"வலது செருப்பு கடிக்கிறது. தோளைப் பாருங்கள்."
சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போய்
இடது காலில் நின்றார்.
அங்கே தரையின் மெருகு
ஒரு தட்டு அளவுக்குத் தேய்ந்திருந்தது.

அடுத்த வியாழன் வாண்டாவின் கையில்
பீட்சா தட்டைக் கொடுத்தேன், மேலே மூன்று செங்கல்.
பதினோராம் நிமிடம்
தோள் இறங்கியது. இடுப்பு வழிவிட்டது.
உதடு அசையாமல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
என் விரலில் கரித்துண்டு ஒடிந்தது.

மூலத்தில் இல்லாத பாதங்கள்
என் கித்தானுக்கு வந்தன.
வீங்கிய கணுக்கால், சுண்டுவிரலில் ஆணி,
பிரேக் மிதித்து அகன்ற பெருவிரல்.
காயட்டும் என்று ஒரு மாதம் விட்டேன்.
பிறகு அவற்றின்மேல் மேசைவிரிப்பைப் போட்டேன்,
மடிப்பு மடிப்பாய், பதினேழாவது வெள்ளையில்.

எர்லீன் வந்து பார்த்தார், இரண்டடி தள்ளி நின்று.
"ம். இறங்கிவிட்டாள்."

வயதாக ஆக வெள்ளை கண்ணாடியாகும் என்பார்கள்.
அப்படி ஒருநாள் துணி கரைந்தால்
கால்கள் தெரியும்,
குதிகாலைச் சுற்றி இரண்டு துண்டு நீலமும்.
அதை ஏன் தீட்டினேன் என்று கேட்காதீர்கள்.
என்றாவது அவளுக்கும் மணி அடித்து
கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தால்
திரும்பி நிற்க இடம் தெரிய வேண்டாமா?