பிடரியில் முதல் வரிசை

பதினோரு நாள் பேச்சில்லை.
பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்
குளியலறையிலிருந்து என் பெயர் வந்தது.
"ஆர்வெல், உன் கை வேணும்."
நீ வேணும் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

மில்வாக்கியில் முழங்கால் ஆழத்துக்குப் பனி.
தைத்துவிட வரவேண்டிய ஜோசின்டாவின் கார்
அவள் வாசலிலேயே புதைந்துவிட்டதாம்.
விடிந்தால் திங்கள்.
நிகீட்ராவுக்குப் புது வேலை,
நீதிமன்ற அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்.

தலை முழுக்கப் பின்னல் அவளே போட்டிருந்தாள்,
மண்டையை ஒட்டி, வாய்க்கால் வாய்க்காலாக.
தையலைக் கீழேயிருந்துதான் தொடங்கவேண்டும்.
பிடரிக்குக் கண்ணாடி காட்டினால் கண் போகிறது,
கை போகமாட்டேன் என்கிறது.
மூன்று முறை தைத்து மூன்று முறை பிரித்திருந்தாள்.
தொட்டிக்குள் அறுந்த நூல்கள்.

நான் கார் சீட் தைப்பவன்.
வளைந்த ஊசி எனக்குப் புதிதல்ல.
ஃபோர்டு, பியூக், நாய் குதறிப்போட்ட ஒரு பின்சீட்,
எல்லாம் பார்த்த கை.
ஆனால் எந்த சீட்டும் இதுவரை
"ஸ்ஸ்" என்றதில்லை.

"பின்னலுக்கு அடியில விடு, தோல்ல படாம.
பட்டியைக் குத்தாதே, குத்தினா முடி உதிரும்.
சுத்திப் போ.
சுத்திப் போய்க் கண்ணியில நுழை, ரெண்டு தரம்.
இப்ப இழு.
இழுன்னா இப்படியா?"

தளர்த்தினேன்.
"தொங்குது."
இறுக்கினேன்.
"நெத்தியோரம் எனக்கு முடி போனதே
இப்படி ஒருத்தி இறுக்கித்தான்."

இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் அளவு இருந்தது.
அது அவள் தலைக்குத் தெரிந்திருந்தது.

மூன்று கட்டு முடி, பதினெட்டு அங்குலம்.
உறையில் 'இந்தியன்' என்று அச்சடித்திருந்தார்கள்.
யார் என்று இல்லை.
விலைச்சீட்டைக் கிழித்து
குப்பைக்கூடையில் அடியில் திணித்திருந்தாள்.
பார்த்துவிட்டேன். கேட்கவில்லை.
அவள் சேர்த்த தொள்ளாயிரம் டாலரை
அவளைக் கேட்காமல் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்தவன்
எந்த வாயால் கேட்பது?

ஆறாவது வரிசை பாதியில் கறுப்பு நூல் தீர்ந்தது.
கடை இல்லை, பஸ் இல்லை.
என் பெட்டியைக் கிளறினேன். பியூக்குக்கு வாங்கிய கருநீலம்.
விரல்நுனியில் உருட்டிப் பார்த்தாள்,
விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
"மேல் வரிசை மூடிடும். தை."

நீலத்தில் நாலு முடிச்சு போட்டபின் சொன்னேன்.
முகம் எதிரே இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.
பிடரியிடம்தான் சொன்னேன்.
"டெவ்ராய் திருப்பித் தரமாட்டான்.
கொடுக்கும்போதே எனக்குத் தெரியும்."

குழாய் சொட்டியது.
தலையைச் சற்றே குனிந்தாள்.
ஊசிக்கு வாகாகவா, வேறெதற்காகவா,
பின்னாலிருந்து எப்படிப் பார்ப்பது.
பிறகு சொன்னாள்:
"முனை வந்தா வெட்டாதே.
மடிச்சுத் திருப்பு."

மடித்துத் திருப்பினேன்.
மடித்த இடம் புடைத்தது. பிரித்தேன்.
மறுபடி.

நடுநிசி தாண்டி
உச்சியில் லாடம்போல விட்டுவைத்த தன் முடியை
இழுப்புக் கருவியின் சூட்டில் நீவி
தையல்களின் மேல் படியவிட்டாள்.
சீப்பு ஒருமுறை மேலிருந்து கீழே போனது.
எங்கே அவள் முடிகிறாள், எங்கே கடை ஆரம்பிக்கிறது?
ஒவ்வொரு கண்ணியும் போட்டவன் நான்.
எனக்கே தெரியவில்லை.

கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்,
கடைசியில், போகிறபோக்கில், என்னைப் பார்த்தாள்.
"பரவாயில்ல. சீட் மாதிரி இல்ல."

சாட்டின் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.
பனி வாரும் வண்டியின் மஞ்சள் விளக்கு
கூரையில் ஊர்ந்து போனது.

"வலிக்குதா?" என்றேன்.

"ரெண்டு நாள் வலிக்கும்.
அப்புறம் தளரும்" என்றாள்.