பதினேழு துண்டும் ஒரு வைப்பர் தகடும்

தோல் உறைக்குள் பதினேழு துண்டு.
கஸ்டம்ஸில் ஆறு வாரம் கிடந்து வந்தது.
ஆயிரத்து நூறு ரேண்ட்.
திரைச்சீலைக் கடையில் கணக்கெழுதுகிறவள் நான்,
வீட்டுக் கணக்கில் அதைத்
'தையல் சாமான்' என்று எழுதினேன்.

என் விரல் தேடுவது மூன்றைத்தான்.
மிச்சம் பதினாலும்
கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம்,
உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
ஒரு வேலைக்கும் எழாது.

அதற்கு முன் நானே செய்தவை
பிஸ்கட் டப்பாவில்.
தெருவைப் பெருக்கும் முனிசிபல் வண்டி
சாட்ஸ்வர்த் மேட்டில் திரும்பும்போது
எஃகு ஈர்க்கு ஒன்றிரண்டை உதிர்த்துவிட்டுப் போகும்.
பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் குனிந்து பொறுக்குவேன்.
"என்ன தொலைத்தாய்?" என்பாள் எதிர்வீட்டு கோகிலாம்பாள்.
"தோடு."
மூன்று வருடமாக அதே தோடு.

அடுப்பில் சிவக்கக் காட்டிக்
குறடால் வளைத்தால் நெம்பும் கம்பி.
பழைய டொயோட்டாவின் வைப்பருக்குள்ளிருந்து
உருவிய தகட்டை அரத்தால் தேய்த்தால் கொக்கி.
முதலாவது தடிமன், துளைக்குள் போகவில்லை.
இரண்டாவது போனது, வளைந்து வந்தது.
மூன்றாவது ஒடிந்தது;
நல்ல பித்தளைப் பூட்டு ஒன்று
தொண்டையில் முள்ளோடு
இன்றும் அலமாரியில் இருக்கிறது.
நாலாவதன் முனையில் ஒரு பிசிர்.
தேய்க்க மறந்தேனா, அலுத்துப்போனேனா,
நினைவில்லை.

உள்ளே ஐந்து பின்.
நாலு உண்மை பேசும், ஒன்று
திறந்துவிட்டதுபோல் பாவனை காட்டும்.
கடைக் கொக்கி அதன்மேல் வழுக்கிப் போகும்.
என் பிசிர் அதில் போய் மாட்டும்,
நகக்கண்ணில் நூல் மாட்டுகிற மாதிரி.

இந்தப் பொழுதுபோக்குக்குச் சட்டம் இரண்டு:
உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே.
உன்னுடையதானாலும்
வேலையில் இருக்கிற பூட்டைத் தொடாதே.
ஆகஸ்டில் ஓர் இரவு இரண்டாவதை மீறினேன்.

ஸ்டாக் எடுத்து முடியப் பத்தரை.
லோட்ஷெடிங். மலைச்சரிவு முழுக்க இருட்டு,
காற்று தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
சாவிக்கொத்து உள்ளே, சமையல் மேடையில்.
அவரோ ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில், இரவு ஷிஃப்டில்.
கேட்டுக்கு முன் மண்டியிட்டுத்
தோல் உறையை விரித்தேன்.

இருபது நிமிடம்.
வழவழத்த கைப்பிடி, விறைத்த விரல்.
பூட்டு ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து
நாலாவதை எடுத்தேன்.
அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.
கண்ணுக்கு வேலையில்லாத இருட்டில்
பிசிர் தொட்டது, மாட்டியது,
பூட்டு அரை நூல் தளர்ந்து

"கையைத் தூக்கு!"

ஆயுதக் காவல் வண்டி. கோகிலாம்பாள்தான் அழைத்திருப்பாள்.
டார்ச் என் முகத்தில், துப்பாக்கி எங்கே என்று தெரியவில்லை.
வெளிச்சம் கீழே இறங்கித் தோல் உறையில் நின்றது:
பதினேழு துண்டு, வரிசையாக,
டாக்டர் பெட்டிபோல.
"ஓ, பூட்டு ரிப்பேரா, மேடம்?"
சட்டையில் பெயர் பெக்கி.
குரல் மேடத்துக்கு இறங்கியிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம்.
"இதனால் இல்லை, இதனால் திறந்தேன்" என்று
வைப்பர் தகட்டை நீட்டினேன்.
அவன் முகம் மாறியது.
வாங்கினால் தொழில்,
செய்தால் திருட்டு.

என் அடையாள அட்டையைப் பார்த்தான்.
விலாசம் பார்த்தான். கேட்டின் எண் பார்த்தான்.
தகட்டை வாங்கி நுனியில் கட்டைவிரல் ஓட்டினான்.
"இங்கே தேய்க்காமல் விட்டிருக்கிறாய்."
"வேண்டுமென்றேதான்," என்றேன்,
அந்த நொடியில் அது உண்மையாகிவிட்டது.

படிவத்தில் ஒரு கேள்வி: எதனால் திறக்கப்பட்டது?
பேனாவைக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தான்.
'சாவி' என்று எழுதினான்.

வண்டி போனபின்
உள்ளே வந்து ஏழு பூட்டையும் போட்டேன்.
ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன்.
படுத்தும் தூக்கம் வரவில்லை.
வெளியிலிருந்து உள்ளே வர
எத்தனை நிமிடம் என்று
இப்போது எனக்குத் தெரியும்.