எண்ணிக்கை

தொரப்பாடி பெண்கள் சிறையில்
ஆறு வயது முடிந்த பிள்ளையைத்
தாயோடு வைத்திருக்க விதி இல்லை.
பவுனுவை நான்தான் கூட்டிப் போனேன்,
காட்பாடி விடுதிக்கு.

கைக்குழந்தையிலிருந்து பார்க்கிறேன்.
எறும்பைத் தேடித் தேடி நசுக்குவாள்.
"பாத்தியா, ரத்தம்" என்பார் சலோமி மேடம்,
அம்மாக்காரி அரிவாளெடுத்த வழக்கைக்
கண்ணாலேயே சுட்டி.
என் மகளும் நசுக்குவாள் வீட்டில்.
அதற்கு நாங்கள் வைத்த பெயர் வால்தனம்.

எறும்பை நசுக்கிய அதே விரலால்
வெல்லக்கட்டியை இரண்டாகக் கிள்ளி
பெரிய பாதியை,
வந்த அன்றே சுருண்டு அழுத ஒருத்தியின்
மடியில் வைத்தாள் ஒருநாள்.
அது யாருடைய ரத்தம் என்று
சலோமி மேடம் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை. லாக்கப் நேரம்.

போகிற அன்று
வெளிக்கதவு திறந்தே கிடந்தது.
பவுனு நின்றாள்.
"போடி" என்றேன்.
நின்றாள்.
சாவிச் சத்தம் கேட்டால்தான்
கதவு திறந்ததாக அவளுக்குக் கணக்கு.
என் வீட்டுச் சாவியை எடுத்து
ஒருமுறை ஆட்டினேன்.
நடந்தாள்.

பஸ் பாலத்தில் ஏறியதும்
பாலாறு என்று காட்டினேன்.
மணல், முள்ளுச்செடி, நாலு எருமை.
எருமையைப் பார்த்து என் காக்கிக்குள் முகம் புதைத்தவள்
மெல்ல எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"தண்ணிய எங்க அடைச்சி வச்சிக்கிறாங்க?"

கண்டக்டர் சிரித்தார்.
தோண்டினால் ஊறும் என்றேன்.
ஊறும்தான். வாயில் வைத்தால் கரிக்கும்.
அந்த உப்பு ஆற்றோடு பிறந்ததா
ஆம்பூர் தோல் ஷாப்புகள் கொடுத்ததா,
நாக்குக்குத் தெரியாது.

ராத்திரி
தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
தூங்கும் பிள்ளைகளை எண்ணினேன்.
இருப்பதே இரண்டு.
"ட்யூட்டி புத்தி" என்று புரண்டு படுத்தார் வீட்டுக்காரர்.
அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.
"நீயா? அஞ்சு வயசுலயே
கோழிய எண்ணித்தானே கூண்ட சாத்துவ.
ஒண்ணு கொறஞ்சா சோறு திங்க மாட்ட."

கொல்லைப் பூட்டுக்குச் சாவி தேடினேன்.
பையில் இல்லை. ஆணியில் இல்லை.
விடுதி வாசலில்
அவள் விரல் என் விரலை விடும்போது
கொடுத்தேனா,
எடுத்துக்கொண்டாளா?

சலோமி மேடத்திடம்
இதைச் சொல்லப்போவதில்லை.