பத்துக் கிலோக் கல்

கம்ப்யூட்டர் தராசு வந்த மறுவாரம்
இருதயம் கம்பெனி பழைய கல்லையெல்லாம்
இரும்பு விலைக்குப் போட்டது.
பத்துக் கிலோவை நான் எடுத்துக்கொண்டேன்.
அதையும் எடை போட்டுத்தான் தந்தார்கள்,
அந்தப் புதுத் தராசிலேயே.
பதினொன்று ஐந்நூறு.
கணக்குப்பிள்ளை எண்ணைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
பிறகு பதினொன்றரைக்கும் காசு கேட்டான்.

கவிழ்த்துப் பார்த்தேன்.
முத்திரை இருக்க வேண்டிய குழியில்
உள்ளங்கை அகலத்துக்கு ஈயம்.
பதின்மூன்று வருசம்
என் நண்டுக்கு எதிர்த்தட்டில் உட்கார்ந்திருந்தது
இன்றைக்குத்தான் அடியைக் காட்டுகிறது.

சூசைமரியான் அதைப் படகில் ஏற்றினார்.
நங்கூரக் கயிற்றில் ஒரு வளையம்,
வளையத்தில் கல்,
கல்லுக்குத் தனியே ஒரு சிறு கயிறு,
அதைக் கையில் பிடித்துப் பாதி ஆழத்துக்கு
வழுக்கி இறக்குவது.
நிமிர்ந்து இழுக்கிற கயிறு நங்கூரத்தைப் பிடுங்கும்,
படுத்து இழுத்தால் சேற்றில் புதைக்கும்,
படுக்க வைக்கத்தான் கல்.
அவ்வளவுதான் என்றார்.

இதற்கு இங்கே ஆளுக்கொரு பேர்.
செபஸ்தியான் வத்தையில் சம்மனசு
(அவர் தொங்கவிடுவது மாவாட்டி ஓய்ந்த குழவி,
அதற்குச் சிறகு வேறு).
காசிம் மரைக்காயர் வள்ளத்தில் பாரா.
தொங்கட்டான் என்பவர்கள் உண்டு.
போன தையில் கல்யாணம் கட்டிய ஒருவன்
மச்சினன் என்கிறான்,
எங்கே போனாலும் கூடவே வந்து தொங்குகிறதாம்.
நாங்கள் பேர் வைக்க யோசிக்கவில்லை.
"இருதயத்தை இறக்குடா" என்றார் மகனிடம்,
அதுவே நின்றுவிட்டது.

முதலாளி காதுக்கும் போயிற்று.
"என் பேரத் தண்ணியில முக்குறீகளாமே"
என்றார், ஏலத்தில், நாலு பேர் முன்னால்.
"ஒன்றரைப் பாகந்தான் மொதலாளி,
மூச்சு முட்டாது" என்றேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி வாடை கிளம்பியது.
தங்கச்சிமடத்துக் கரையில்
டார்ச்சோடு நின்றோம் பொம்பளைகள்.
படகும் படகும் முட்டுகிற சத்தம்,
யாரோ கடன்காரன் கதவை இடிப்பது மாதிரி.
அலை தூக்கினால் கயிறு விறைக்கும்,
விறைப்பதற்குள் கல் எழும்பியாக வேண்டும்,
அதைத் தூக்குகிற பாட்டிலேயே
அலைக்கு மூச்சு வாங்கிவிடும்,
அவர் சொல்லித் தெரியும் எனக்கு.
அதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்.
நான் பார்த்தது எங்கள் அணியம்
தலையாட்டித் தலையாட்டி
அதே இடத்தில் நின்றதை.

செபஸ்தியான் வத்தை மணலேறியது.
அவர் சம்மனசைக் குறை சொல்லவில்லை,
கயிறு பழசு என்றார்.

விடிந்ததும் டெனிஸ்டன்
வில்தராசைக் கொண்டுவந்து மாட்டி
கல்லைத் தண்ணீருக்குள் விட்டு எடை போட்டான்.
சும்மா, விளையாட்டுக்கு.
முள் ஆடி ஆடிப்
பத்தில் நின்றது.
வெளியே தூக்கினால் பதினொன்றரை,
உள்ளே விட்டால் பத்து.
மூன்று தரம் பார்த்தோம்.

"இம்புட்டு வருசமும் ஏலத்தக்
கடலுக்குள்ள வச்சிருக்கணும்" என்று
சிரித்தார் சூசைமரியான்.
"தண்ணிக்குள்ள நண்டு கனக்குமா" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது.
டெனிஸ்டன் சிறு கயிற்றை
விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான்.