கடைமடை முகவரி

திங்கட்கிழமை நாற்பத்தொரு பக்கம்.
புதன்கிழமை மூன்று.
இன்று காலை, எதுவும் கிடைக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியில்
ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து
சௌரிராஜனின் பெல்ட் வண்டியைத் தேடுகிறேன்.
தளம் கட்டியவள் நான். முன்பணம் இரண்டாயிரம் வாங்கியாயிற்று.

வண்டி என்னவோ ஜன்னலுக்கு வெளியேதான்,
சேறு காய்ந்த பல்லோடு நிற்கிறது.
"அறுவடை பெல்ட் வண்டி வாடகை" என்று அடித்தால்
பஞ்சாப் வருகிறது,
திருச்சிக்காரன் வருகிறான்,
இடுப்பு பெல்ட் விற்கிறவன்கூட வந்துவிட்டான்.

போன்.
"நேத்து மச்சான் பாத்தாராம், இருந்துச்சாம்மா."
இருந்தது. நானும் பார்த்தேன்.
புதுத் தளம் அப்படித்தான் சார்,
கொஞ்ச நாள் வரும், போகும்.
கொஞ்சம் யோசித்து,
"முறை வைக்கிறானா?" என்கிறார்.

ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு.
ஆமாம் சார்.
ஆனால் இந்த வாய்க்காலுக்கு
லஸ்கர் யாரென்று தெரியாது,
போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்க.

இரவு பதினொன்றரைக்குச் சும்மா அடித்தேன்.
இரண்டாம் பக்கத்தின் அடியில்
வந்திருந்தது,
"அருவடை" என்ற என் பிழையோடு.

ஒரு எழுத்து. ஒரு நிமிட வேலை.
தொட்டால் போய்விடுமோ என்று
தொடாமல் படுத்துவிட்டேன்.