இருபதாவது வளைவு

பல் செட்டுக்கு மெழுகு வார்க்கும் மேசையில்தான்
கப்பலையும் வைத்திருந்தேன்.
நாலு ரோட்டில், லேபின் மாடியறை.
கீழே டவுன் பஸ் திரும்பும்போதெல்லாம்
டம்ளர் தண்ணீர் நடுங்கும், கப்பல் நடுங்காது.
இன்னும் கயிறு கட்டவில்லை அல்லவா,
நடுங்க அதனிடம் எதுவுமில்லை.

உடல் முடிய ஒரு மாதம்.
கயிற்றுக்கு ஏழு.
அம்மாப்பேட்டைத் தறிக்காரர் கொடுத்த பருத்தி நூலைத்
தேன்மெழுகில் இழுத்து இழுத்துப் பழுப்பாக்கினேன்.
கடைவாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியைப்
பருமலுக்குப் பின்னால் நீட்டி
கைக்கு எட்டியும் கண்ணுக்கு எட்டாத முடிச்சை
அந்தக் கண்ணாடிக்குள் பார்த்துப் போட்டேன்.

பாய்மரத்துக்கு வலப்பக்கம் ஒரு கயிறு என்றால்
உடனே இடப்பக்கம் ஒன்று.
வலது முழுவதையும் முடித்துவிடலாமே என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைத்தேன்.
மரம் சாய்ந்து என்னைப் பார்த்தது.
அவ்வளவையும் அவிழ்த்தேன்.

குணாளன் எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்.
அவன் குரலுக்குப் பின்னால் எப்போதும்
ஓர் இரும்பு ஓடிக்கொண்டிருக்கும்.
"தாமான் எது தெரியுமா?"
"என்ன மான்?"
"சரி, கோசு?"
"பொரியலா?"
பதினோரு வருஷம் கடலில் இருக்கிறவன்.
நானோ மெரினாவில் இரண்டு முறை கால் நனைத்தவள்,
அதில் ஒரு முறை செருப்பைப் பறிகொடுத்தவள்.
எனக்குத்தான் தெரிந்திருந்தது
அணியத்திலிருந்து கடையால் வரை
எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று.
சொல்லிப்பார்க்க ஆளில்லாத இரவுகளில்
அலமாரியில் அடுக்கிய பல் அச்சுகளிடம் சொல்வேன்.
அவை வாய் திறந்தே இருக்கும்.

சித்திரையில் லீவில் வந்தான்.
எஞ்சின் ரூமே தேவலாம் என்றான், சேலத்து வெயிலைப் பார்த்து.
மலைக்குப் போனோம், கப்பல் என் மடியில்.
அடிவாரச் செக்போஸ்ட்டில் ஒருவர் எட்டிப் பார்த்து
"எந்தக் கோயிலுக்கும்மா நேர்ச்சை?" என்றார்.

முதல் கொண்டை ஊசியில் வலம் சாய்ந்தது.
இரண்டாவதில் இடம்.
அது சாயும் பக்கத்துக்கு எதிராக நான் சாய்ந்தேன்.
பதினாலாவதில் டிரைவரை நிறுத்தச் சொல்லி
குணாளன் இறங்கி ஓடி வாந்தியெடுத்தான்.
நானும் கப்பலும் வண்டிக்குள் நன்றாகவே இருந்தோம்.
இருபதாவது திரும்பியதும்
ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்தது.

இரவெல்லாம் கோடை மழை.
காலையில் பார்த்தால்
கயிறு ஒவ்வொன்றும் கம்பியாக விறைத்திருக்கிறது,
நடுமரம் வில்லாக வளைந்து நிற்கிறது.
சேலத்துக் காய்ந்த காற்றில் அளந்து கட்டிய நூல்
மெழுகையும் மீறி ஈரம் குடித்துக்
குறுகிவிட்டது.

"வெட்டிடு, இல்லன்னா மரம் போயிடும்."
கத்தரியை நீட்டினான்.
வெட்ட வேண்டியதில்லை.
கயிற்றின் அடியில் மூன்று துளை மரவட்டுகள்,
அவற்றுக்குள் ஏறி இறங்கும் இழுநூல்.
பசை வைத்து முடிக்கவும் என்றிருந்தது குறிப்புத்தாளில்.
நான் வைக்கவில்லை.
சோம்பல் என்றுதான் அவனிடம் சொன்னேன்.

வலத்தில் அரை இழை தளர்த்தினால்
இடத்தில் அரை இழை.
குணாளன் செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
காபி ஆறியது, மறுபடி வந்தது, அதுவும் ஆறியது.
மத்தியானத்துக்கு மேல்தான் மரம் நிமிர்ந்தது.
மலை இறங்கினால் எல்லாம் தொய்யும்,
திரும்பவும் இழுக்கணும் என்றேன்.
"நான் போறதுக்குள்ளயா?" என்றான்.
பதில் சொல்லவில்லை.

பிறகு அவனாகவே,
தொடாமல் விரலை மட்டும் கிட்டே கொண்டுபோய்,
இது என்ன என்று கேட்டான். சொன்னேன்.
இது? சொன்னேன்.
இது?
பின்மரத்தில், இரண்டு முடிச்சுக்கு நடுவில்,
மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க
அது மட்டும் வெள்ளை.
கயிறில்லை, என் முடி.
எந்த மாதத்தில் விழுந்து சிக்கியதோ.

எடுத்துடவா என்றான்.
வேண்டாம்,
அதுவும் எதையாவது
பிடித்துக்கொண்டிருக்கும்.